‘குவேற்றமாஸ் பரிசோதனை’: விண்வெளிப் பயணம் பற்றிய தொடக்ககாலத் தொலைக்காட்சி நாடகமொன்று

1953ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆம் திகதி இலண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா நடைபெற்றது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 2 கோடி மக்கள் அதனைத் தொலைக்காட்சியிற் கண்டனர். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாதோர் அயல்வீடுகளிற் கூடியிருந்து பார்த்தனர். அவ்வாண்டு ஓகஸ்ற் 22ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை இரவு, அதே தேவாலயத்தின் உட்பகுதி மீண்டும் அதே சிறு திரையில் தோன்றியது. இம்முறை அங்கு அரசியும் இல்லை, ஆயரும் இல்லை. புலவர்களின் நினைவுச் சின்னங்கள் அமைந்த மூலையின் மேல், தாவரமென்றோ விலங்கென்றோ கூறமுடியாத உயிர்ப்பொருளொன்று படர்ந்திருந்தது. சில நாட்களுக்கு முன்னர் அது ஒரு மனிதன். நாடகக் கதையின்படி, பிரித்தானியா விண்வெளிக்கு அனுப்பி, உயிருடன் திரும்பிய ஒரே மனிதன்.

‘குவேற்றமாஸ் பரிசோதனை’ என்னும் அத்தொடர் பி.பி.சி.யினால் 1953 யூலை 18 முதல் ஓகஸ்ற் 22 வரை ஆறு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பப்பட்டது. எழுதியவர் நைஜல் நீல். தயாரித்து நெறிப்படுத்தியவர் ருடோல்ப் கார்ட்டியர். முதலாவது செயற்கைச் சந்திரனாகிய ஸ்புட்னிக் விண்ணில் ஏவப்பட்டது 1957 ஒக்டோபர் 4ஆம் திகதியிலாகும். யூரி ககாரின் புவியைச் சுற்றி வந்தது 1961 ஏப்ரல் 12ஆம் திகதியில். ஆகவே நாடகம் எழுதப்பட்ட காலத்தில் விண்வெளிப் பயணம் என்பது எவரும் கண்டிராத, ஆயினும் விரைவில் நிகழும் எனப் பலர் நம்பிய ஒன்றாகும். அத்தகையதொரு கணத்தில் ஒரு நாட்டின் பொதுத் தொலைக்காட்சி, வளர்ந்தோரை முன்னிட்டு, அப்பயணத்தைப் பற்றி என்ன கூறத் துணிந்தது என்பது ஆராயத்தக்கது. தொலைக்காட்சி வரலாறுகள் பெரும்பாலும் இதனைப் பின்னாளில் பெருகிய அச்சக்கதைகளின் முன்னோடி என்று குறித்துவிட்டு அப்பாற் செல்கின்றன. அது பிழையன்று, எனினும் போதுமானதன்று. இந்நாடகத்தின் பொருள் விண்வெளியிலிருந்து வந்த விலங்கு அன்று. மனிதனை அங்கு அனுப்பியவனின் பொறுப்பு என்பதே எமது கருத்து.

கதையைச் சிறிது விரிவாகக் கூறுதல் அவசியம். ஏனெனில் அதன் பெரும்பகுதியை இன்று எவரும் பார்க்க முடியாது.

பேராசிரியர் பேர்னாட் குவேற்றமாஸ் பிரித்தானியப் பரிசோதனை ரொக்கற் குழுவின் தலைவர். மூவரை ஏற்றிய ரொக்கற்றொன்றை அவர் விண்ணுக்கு அனுப்பியுள்ளார். அது குறித்த பாதையைக் கடந்து அப்பாற் சென்று, தொடர்பு அறுந்து, நெடுநேரம் காணாமற் போய்விடுகிறது. பின்னர் தானாகவே திரும்பி இலண்டனின் தென்மேற்கே விம்பிள்டனிலுள்ள ஒரு வீட்டின் மேல் விழுகிறது. தீயணைப்புப் படையினர், பொலிசார், பத்திரிகையாளர், அயலவர் எனக் கூட்டம் சேர்கிறது. இடிந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு மூதாட்டி தம் பூனையுடன் அகப்பட்டிருக்கிறார். ரொக்கற்றின் கதவு திறக்கப்படும்போது உள்ளே மூவரில் ஒருவனே இருக்கிறான். அவன் விக்ரர் கரூன். மற்ற இருவரின் விண்வெளி உடைகள் பூட்டுக் கழற்றப்படாமலே உள்ளன. உள்ளே உடல்கள் இல்லை.

முதல் வாரத்தின் மர்மம் இதுவே. அடுத்த வாரங்களில் அதற்குக் கிடைக்கும் விடை மெல்ல மெல்லவே வருகிறது. பேச இயலாத நிலையிற் கிடக்கும் கரூனுக்குத் தன் தோழனான யேர்மானிய விஞ்ஞானியின் மொழி தெரிந்திருக்கிறது. அத்தோழனின் அறிவும் அவனுள் இருக்கிறது. விண்வெளியில் ஏதோவொன்று ரொக்கற்றினுட் புகுந்து மூவரையும் ஒருவராக்கிவிட்டது. வெளிநாட்டு உளவாளிகள், அவன் அறிந்துவந்த இரகசியத்தைப் பெறும் நோக்குடன் அவனைக் கடத்துகின்றனர். அவர்கள் பெறுவது இரகசியம் அன்று. கரூனின் கை ஒரு கள்ளிச் செடியுடன் கலந்து, அவனது உடல் தாவர இயல்பைப் பெறத் தொடங்குகிறது. அவன் தப்பி ஓடி, இலண்டன் நகரெங்கும் ஒளிந்து திரிகிறான். ஒரு கட்டத்தில் முப்பரிமாணத் திரைப்படமொன்று காட்டப்படும் திரையரங்கினுள் அமர்ந்திருக்கிறான். திரையிலே ஓடுவது மலிவான விண்வெளி வீரசாகசப் படம். இருக்கையில் இருப்பவன் உண்மையில் விண்வெளிக்குச் சென்று மீண்டவன். தன் காலத்து விண்வெளிக் கதைகளைப் பற்றி நீல் கொண்டிருந்த அபிப்பிராயத்துக்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

ஆய்வுகூடத்திலே குவேற்றமாஸ் மாதிரிகளைச் சோதித்து, இவ்வுயிர் வித்திகளை வெளிவிடுமாயின் புவியில் எவ்வுயிரும் எஞ்சாது என்று கண்டறிகிறார். இறுதியில் அதனைக் கண்டுபிடிப்பது பொலிசார் அன்று. தேவாலயத்தின் கட்டடக்கலை பற்றிய நேரடி நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிக் குழுவினர். பன்னிரண்டு வாரங்களுக்கு முன் அரசியைக் காட்டிய கமராக்கள், நாடகத்தினுள், அரக்க உருவைக் காட்டுகின்றன. இந்த முரணை அன்றைய பார்வையாளர் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

இனி, இத்தகைய கதையொன்று அந்த ஆண்டில், அந்த நாட்டில் எவ்வாறு சாத்தியமாயிற்று என்று நோக்குவோம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் விண்வெளி ஏற்கெனவே வந்துசேர்ந்திருந்தது. ‘கப்டன் வீடியோ’ 1949இலும் ‘ரொம் கோர்பெற்’ 1950இலும் தொடங்கின. இவை சிறுவர்க்கானவை. பின்னையதற்கு, நாசி ஆட்சியை விட்டு வெளியேறிய ரொக்கற் அறிஞரான வில்லி லே ஆலோசகராக இருந்தமையால் அதில் விஞ்ஞானச் செம்மை ஓரளவு காணப்பட்டது. ஆயினும் இரண்டின் உலகநோக்கும் ஒன்றே. விண்வெளி என்பது காவல்துறையினால் ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய புதிய எல்லைப்புறம். அங்கு செல்பவன் சீருடை அணிந்த நல்ல பையன். பி.பி.சி.யும் 1938இலேயே கரெல் சப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் இயந்திர மனிதர் நாடகத்தின் ஒரு பகுதியை ஒளிபரப்பியது. ஆனால் அது மேடைக்கென எழுதப்பட்ட நாடகம். தொலைக்காட்சிக்கென்றே, வளர்ந்தோர்க்கென்றே எழுதப்பட்ட விஞ்ஞானப் புனைவுத் தொடர் என்ற வகையில் ‘குவேற்றமாஸ் பரிசோதனை’யையே பிரித்தானியாவில் முதலாவதாகக் கொள்வது வழக்கம்.

அக்காலப் பிரித்தானியாவில் விண்வெளி பற்றிய நம்பிக்கைக் குரலும் வலுவாகவே ஒலித்தது. 1933இல் தொடங்கப்பட்ட பிரித்தானியக் கோளிடைச் சங்கம் அதன் நிலைக்களம். அச்சங்கத்தின் தலைவராக 1950களின் தொடக்கத்தில் விளங்கியவர் ஆதர் சி. கிளார்க், 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர். 1951இல் வெளிவந்த அவரது விண்வெளி ஆய்வு பற்றிய நூல் பரந்த வாசகரைப் பெற்றது. கிளார்க்கின் நோக்கில் மனிதன் புவியை விட்டு வெளியேறுதல் அவனது வளர்ச்சியின் அடுத்த படி. நீலின் நாடகம் அதற்கு எதிர்வாதமாக எழுதப்பட்டது எனக் கூற ஆதாரமில்லை. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒருவர் புறப்பாட்டைப் பற்றியும் மற்றவர் திரும்பி வருதலைப் பற்றியும் எழுதினர் என்பது புலனாகும். எழுத்து நிலையில் நீல் கருதிய தலைப்புகளுள் ஒன்று, எதையாவது கொண்டுவா என்று பயணிகளிடம் வீட்டார் வழமையாகச் சொல்லும் வேண்டுகோளாக அமைந்திருந்தமை இங்கு கருதத்தக்கது.

ரொக்கற் என்னும் சொல்லுக்கு இலண்டன் மக்களிடையே அன்று இருந்த பொருளையும் மறந்துவிடலாகாது. 1944 செப்ரெம்பர் 8ஆம் திகதி முதல் யேர்மனியின் வீ-2 ரொக்கற்றுகள் அந்நகரின்மேல் விழுந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டவை இங்கிலாந்தை வந்தடைந்தன. ஏறத்தாழ 2,700 பேர் மாண்டனர். ஒலியை மிஞ்சிய வேகத்தில் அவை வந்தமையால், வெடித்த பின்னரே வரும் ஓசை கேட்டது. ஒன்பதாண்டுகளுக்குப் பின், இடிந்த வீட்டின் முன் கூடிய அயலவரையும், மேல்மாடியில் அகப்பட்ட மூதாட்டியையும் தொலைக்காட்சியிற் கண்டோருக்கு அது கற்பனைக் காட்சியாக இருந்திராது. அவர்களுட் பலர் அத்தகைய தெருவொன்றில் நின்றவர்கள். அதே வீ-2வை ஆக்கிய பொறியியலாளர் பலர் அப்போது அமெரிக்காவில் விண்வெளிப் பயணத் திட்டங்களை வகுத்துக்கொண்டிருந்தனர். குண்டும் விண்கலமும் ஒரே பொறியின் இரு பெயர்கள் என்பதை அரசுகள் உரக்கக் கூறுவதில்லை. நாடகத்தின் முதற்காட்சியோ அதனை ஒரு சொல்லும் இன்றிக் கூறிவிட்டது.

பிரித்தானியா தன் முதலாவது அணுகுண்டைச் சோதித்தது 1952 ஒக்டோபர் 3ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள மொன்ரி பெல்லோ தீவுகளில். ரொக்கற் சோதனைகளுக்கான வூமெரா களமும் 1947 முதல் அவுஸ்திரேலியாவிலேயே அமைந்திருந்தது. பேரரசு கலைந்துகொண்டிருந்த வேளையில், உணவுப் பங்கீடு இன்னும் முற்றாக நீங்காத நாடு ஒன்று, தன் வல்லரசுத் தகுதியை அணுவினாலும் ரொக்கற்றினாலும் நிலைநிறுத்த முயன்றது. குவேற்றமாஸின் ரொக்கற்றும் அவுஸ்திரேலியாவிலிருந்தே ஏவப்படுகிறது. அக்கண்டத்தின் வறண்ட நிலத்தை வெற்றிடமாகக் கருதிய பேரரசு மனப்பாங்கை நாடகம் கேள்விக்கு உட்படுத்தவில்லை. ஏவப்படும் இடம் தூரத்தில். விழும் இடம் மட்டும் வீட்டு வாசலில். நீலின் விமர்சனம் இந்த வாசலோடு நின்றுவிட்டது என்பதை நாம் சொல்லியே ஆகவேண்டும்.

நாடகத்தை ஆக்கிய இருவரும் ஆங்கில நடுத்தர வர்க்கத்து வரவேற்பறை நாடக மரபுக்குப் புறத்தே நின்றவர்கள். நீல் 1922இற் பிறந்து, மான் தீவில் வளர்ந்தவர். சிறுகதைத் தொகுதிக்காக 1950இல் சொமர்செற் மோம் பரிசு பெற்றவர். கார்ட்டியர் 1904இல் வியன்னாவிற் பிறந்த யூதர். பேர்ளினில் திரைக்கதை எழுதியவர். ஹிற்லர் ஆட்சிக்கு வந்தபின் நாடு துறந்து இங்கிலாந்து சேர்ந்தவர். அவரது தாயார் நாசிகளின் இனப்படுகொலையில் மாண்டார். 1952இல் பி.பி.சி.யிற் சேர்ந்த அவருக்கு, அங்கு ஒளிபரப்பப்பட்ட நாடகங்கள் பெரும்பாலும் மேடை நாடகத்துக்கு முன்னே கமராவை நிறுத்திவைத்த அளவில் இருந்தமை ஏற்கவில்லை. நீலுக்கும் அவ்வாறே. யேர்மானியத் திரைப்படத்தின் நிழலும் நெருக்கமும், ஆங்கிலத் தீவொன்றின் கதைசொல்லல் மரபும் சந்தித்த இடமாக இத்தொடரைக் கொள்ளலாம்.

தயாரிப்பு நிலைமைகள் மிக எளியவை. ஆறு பகுதிகளுக்கும் சேர்த்துச் செலவு 4,000 பவுணுக்குச் சற்றுக் குறைவு. இலண்டன் வட பகுதியிலுள்ள அலெக்சாண்டிரா மாளிகையின் கலையகத்திலிருந்து, 1936இல் தொலைக்காட்சிச் சேவை தொடங்கிய அதே இடத்திலிருந்து, பழைய எமிற்றன் கமராக்களைக் கொண்டு அவை நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. முன்கூட்டியே படம்பிடித்த சிறு துண்டுகள் இடையிடையே செருகப்பட்டன. ஏனைய அனைத்தும் பார்வையாளர் காணும் கணத்திலேயே நடிக்கப்பட்டவை. நடிகர் வரிகளை மறந்தால் மறந்ததுதான். முதற்பகுதி ஒளிபரப்பானபோது இறுதிப் பகுதிகள் எழுதி முடிக்கப்படவேயில்லை. பி.பி.சி.யில் அப்போது சிறப்புக் காட்சி விளைவுகளுக்கெனத் தனிப் பிரிவும் இல்லை.

ஆகவே உலகை அழிக்கவல்ல அந்த உயிரை ஆக்கும் பொறுப்பு எழுத்தாளரின் தலையில் விழுந்தது. நீலும், அடுத்த ஆண்டில் அவரது மனைவியான யூடித் கேரும் தோற் கையுறைகளில் இலைகளையும் கொடிகளையும் ஒட்டினர். தேவாலய உட்புறத்தின் பெருப்பித்த நிழற்படமொன்றில் துளையிட்டு, அதன் பின்னே நின்று, கைகளை உள்ளே நுழைத்து விரல்களை அசைத்தவர் நீல். இது நேரடி ஒளிபரப்பில் நடந்தது. யூடித் கேர், பின்னாளில் சிறுவர் நூல்களால் உலகப் புகழ் பெற்றவர், 1933இல் பேர்ளினிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்த சிறுமியாவார். ஐரோப்பாவின் அழிவை உடலால் அறிந்த இரு அகதிகளும் ஒரு தீவினரும் சேர்ந்து, கையுறையும் நிழற்படமும் கொண்டு, தொலைக்காட்சியில் உலக முடிவைக் காட்டினர். சிரிப்பதற்கு இடமுண்டு. ஆயினும் அன்று 50 இலட்சம் பேர் அதைப் பார்த்தனர். முதற்பகுதிக்கு 34 இலட்சம் பேராக இருந்த தொகை வாரந்தோறும் உயர்ந்து இவ்வளவுக்கு வந்தது. 1953ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வழங்கப்பட்டிருந்த தொலைக்காட்சி அனுமதிப் பத்திரங்கள் 20 இலட்சத்தைச் சற்றே தாண்டியவை என்பதை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும்.

வறுமை, உருவத்தோடு நில்லாது உள்ளடக்கத்தையும் தீர்மானித்தது. விண்வெளியைக் காட்டப் பணமில்லை. எனவே நாடகம் விண்வெளியைக் காட்டவில்லை. ரொக்கற்றினுள் நடந்தது என்ன என்பதைப் பார்வையாளர் நேரே காணாமல், எஞ்சிய தடயங்களிலிருந்து உய்த்தறிய நேர்ந்தது. அரக்கனை நீண்டநேரம் காட்டினால் கையுறை என்பது தெரிந்துவிடும். எனவே கமரா மனித முகங்களிலேயே தங்கியது: தான் அனுப்பியவர்களுக்கு நேர்ந்ததை உணர்ந்துகொள்ளும் குவேற்றமாஸாக றெஜினால்ட் ரேற், தன்னுள் நிகழ்வதைச் சொல்லமுடியாத கரூனாக டங்கன் லமொன்ற், அவன் மனைவி யூடித்தாக இசபெல் டீன். சிறிய திரையும் மங்கிய ஒளியும் நெருங்கிய காட்சியையே தாங்கக்கூடியவை. அந்த நெருக்கத்தில் ரொக்கற்றின் பெருமை சிறுத்து, அனுப்பியவனின் முகத்தில் தோன்றும் கலக்கம் பெருத்தது. கட்டாயத்தை அழகியலாக மாற்றியவர் என்ற பெருமை கார்ட்டியருக்கு உரியது.

யூடித் கரூன் பாத்திரத்தின் மீது தனியே கவனம் செலுத்தலாம். அவள் கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி மட்டுமல்லள். ரொக்கற் குழுவிற் பணிபுரிபவள். கணவன் திரும்பிவந்ததும் அவனை விட்டுப் பிரிந்து, குழுவின் மருத்துவரான பிரிஸ்கோவுடன் வாழ எண்ணியிருந்தவள். இப்போது திரும்பியவனை விட்டுப் போகவும் முடியாது; திரும்பியவன் அவளுடைய கணவன்தானா என்று உறுதிகூறவும் முடியாது. போருக்குச் சென்று வேறு ஆளாக மீண்ட ஆண்களுடன் வாழ நேர்ந்த ஒரு தலைமுறைப் பெண்களின் அனுபவத்தை இதனினும் கூர்மையாகச் சொன்ன விஞ்ஞானப் புனைவு அக்காலத்தில் அரிது. பிற்பகுதிகளில் துரத்தலின் வேகம் கூடக்கூட அவள் பின்தள்ளப்படுகிறாள். நாடகத்தின் பெரிய குறைகளுள் ஒன்று இது.

இனி முடிவுக்கு வருவோம். படையினர் தேவாலயத்தைச் சூழ்ந்துள்ளனர். வித்திகள் வெளிப்படச் சிறிது நேரமே உள்ளது. குவேற்றமாஸ் உள்ளே நுழைகிறார். அவர் அவ்வுயிரைச் சுடவில்லை, எரிக்கவில்லை. அதனோடு பேசுகிறார். அவ்வுருவின் ஆழத்தில் இன்னும் கரைந்துபோகாதிருக்கும் மூன்று மனிதரின் நினைவை நோக்கி, நீங்கள் மனிதர்கள், உங்களுள் இருப்பதை எதிர்த்து நில்லுங்கள் என்ற கருத்தில் இறைஞ்சுகிறார். அம்மூவரும் செவிசாய்க்கின்றனர், அவ்வுயிர் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

பேச்சினால் அரக்கனை வெல்லுதல் மேடை நாடகத்தின் மிச்சம் என்று எவரேனும் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இம்முடிவில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, அவ்வுயிர் எதிரியன்று. பலியானோர் அதனுள்ளே இருக்கின்றனர். அதனை அழித்தல் அவர்களை இரண்டாம் முறை கொல்லுதலாகும். மற்றையது, அவர்களை அங்கு அனுப்பியவனே அவர்களிடம் உயிர்த்தியாகத்தைக் கேட்க வேண்டியவனாகிறான். முதல்முறை விஞ்ஞான முன்னேற்றத்தின் பெயரால் கேட்டான். இம்முறை அந்த முன்னேற்றத்தின் விளைவிலிருந்து உலகைக் காக்கக் கேட்கிறான். இரண்டு முறையும் இறப்பவர் அவர்களே. குவேற்றமாஸ் உயிருடன் எஞ்சுகிறார். இதனை வெற்றி என்று நாடகம் கொண்டாடவில்லை.

1955இல் ஹமர் நிறுவனம் வால் கெஸ்ற்றின் நெறியாள்கையில் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது இம்முடிவே முதலில் மாற்றப்பட்டது. திரைப்படத்தில் அவ்வுயிர் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்படுகிறது. அமெரிக்க நடிகரான பிரயன் டொன்லெவி நடித்த குவேற்றமாஸ் எவரையும் இறைஞ்சுபவர் அல்லர், கட்டளையிடுபவர். எல்லாம் முடிந்ததும் அவர் திரும்பி நடக்கிறார். அடுத்த ரொக்கற் விண்ணில் எழுகிறது. நீல் இம்மாற்றங்களையும் அந்நடிகரையும் வெறுத்தார். ஆயினும் ஒரு வகையில் திரைப்படத்தின் முடிவு உலகியல் உண்மைக்கு அணித்தானது எனலாம். தொலைக்காட்சி நாடகத்தின் விஞ்ஞானி மனச்சாட்சி உடையவர். திரைப்படத்தின் விஞ்ஞானி நிறுவனத்தின் உருவம். மனச்சாட்சியால் ரொக்கற் திட்டங்கள் நின்றதாக வரலாறு இல்லை.

நாடகத்தின் கருத்தியல் எல்லையும் இங்கேதான் உள்ளது. விண்வெளிப் பயணத்தின் விலை யாது என்று கேட்ட நீல், அதனை ஏவியது எவ்வரசு, எத்தேவைக்காக என்று கேட்கவில்லை. குற்றம் ஒரு தனிமனிதனின் நெஞ்சில் வைக்கப்படுகிறது. தெருவில் நிற்கும் தொழிலாளரும் அயலவரும் பெரும்பாலும் நகைச்சுவைக்கும் அச்சத்துக்குமே பயன்படுகின்றனர். ஆனால் நீல் இதனுடன் நின்றுவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1955 ஒக்டோபரில் தொடங்கிய ‘இரண்டாம் குவேற்றமாஸ்’ தொடரில், செயற்கை உணவுத் தொழிற்சாலை என்ற பெயரில் அரசின் பாதுகாப்புடன் இயங்கும் இரகசிய ஆலையொன்று வருகிறது. அங்கு வேலைபெற்று வாழும் புதிய குடியிருப்பின் தொழிலாளர் முதலில் உண்மையைக் கேட்க மறுக்கின்றனர். பின்னர் அவர்களே ஆலைக்கு எதிராக எழுகின்றனர். 1958 டிசெம்பரில் தொடங்கிய மூன்றாம் தொடர், இலண்டன் நிலத்தடியிலிருந்து தோண்டியெடுக்கப்படும் கலமொன்றின் மூலம், மனிதர் தம்மினும் வேறுபட்டோரைக் கொன்றொழிக்கும் வெறியின் மூலத்தைத் தேடியது. அதே 1958இல் நொட்டிங் ஹில்லில் கரீபியத் தீவினர் மீது வெள்ளையர் கும்பல்கள் தாக்குதல் நடத்தியிருந்தன. விண்வெளி நீலுக்கு ஒருபோதும் தூரத்தில் இருக்கவில்லை.

நாம் மேலே கூறியவற்றுள் எவ்வளவு நேரிற் கண்டு சொல்லத்தக்கது என்ற வினா எழும். மிகச் சிறிதே. கனடாவுக்கு விற்கும் எண்ணத்துடன், ஒளிபரப்பின்போது தொலைக்காட்சித் திரையின் முன் படச்சுருள் கமராவை வைத்துப் பதிவுசெய்யும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பதிவு திருப்தியளிக்காமையால் இரண்டு பகுதிகளுடன் அது கைவிடப்பட்டது. இரண்டாம் பகுதியின் பதிவிலே, திரைமேல் வந்தமர்ந்த பூச்சியொன்று நடிகரின் முகங்களுக்குக் குறுக்கே ஊர்ந்து செல்வதை இன்றும் காணலாம். இவ்விரண்டு பகுதிகளுமே பிரித்தானியாவில் பல பகுதிகளாக அமைந்த தொடர் நாடகமொன்றின் எஞ்சியுள்ள மிகப் பழைய பதிவுகள். மற்ற நான்கும் ஒளிபரப்பான கணத்திலேயே மறைந்துபோயின. பேணத்தக்க பொருளாக அன்று தொலைக்காட்சி நாடகம் கருதப்படவில்லை. நாடகம் என்றால் நடந்து முடிவது, வேண்டுமாயின் மறுபடி நடிப்பது என்ற மேடை மரபே நிருவாகிகளின் எண்ணத்தில் இருந்தது.

எழுத்துப் பிரதி எஞ்சியது. 1959இல் பெங்குவின் நிறுவனம் அதனை நூலாக வெளியிட்டது. 2005 ஏப்ரல் 2ஆம் திகதி பி.பி.சி.யின் நான்காம் அலைவரிசை, அப்பிரதியைச் சுருக்கி, மீண்டும் நேரடி நாடகமாகவே ஒளிபரப்பியது. யேசன் பிளெமிங் குவேற்றமாஸாக நடித்தார். நடிகர் விரைந்து பேசியமையால் அது குறித்த நேரத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது. அப்பதிப்பில் இறுதிக் காட்சி தேவாலயத்தில் அன்றி ஓவியக் காட்சிக்கூடமொன்றில் நிகழ்ந்தது. அரக்க உரு காட்டப்படவே இல்லை. கார்ட்டியர் 1994இல் இறந்துவிட்டார். நீல் 2006இல் காலமானார். ரேற், இரண்டாம் தொடரில் நடிக்க இருந்த வேளையில், 1955 ஓகஸ்ற்றிலேயே இறந்தார். எனவே தேவாலயத்தில் அவர் அவ்வுயிரை நோக்கிப் பேசிய முறை, குரலின் ஏற்ற இறக்கம், கையுறையணிந்த விரல்கள் அசைந்து அடங்கிய விதம் ஆகியவற்றை நாம் அச்சிட்ட பக்கத்திலிருந்தே கற்பனை செய்துகொள்ள வேண்டியுள்ளது. திரையில் இன்று எவரும் எளிதிற் காணக்கூடியது மின்சாரம் பாய்ச்சும் முடிவே. குவேற்றமாஸின் முதற்கதையை அறிந்தவர் எனக் கூறிக்கொள்வோருட் பலர் அறிந்திருப்பது அதனைத்தான்.